ரெண்டு செகண்ட் போதும்

ஜன்னலோரம் உங்களுக்கு வேணுமா சார்? வேணாமா, சரி, நானே உட்கார்ந்துக்கறேன். எங்க, புதுக்கோட்டையா? அறந்தாங்கி பஸ்ல பாதிப் பேரு புதுக்கோட்டைதான். நான் கடைசி வரைக்கும். மாமியார் வீடு. புதுசாக் கல்யாணம் ஆனவன், தலை ஆடிக்குப் பொண்ணை அழைச்சுட்டுப் போனாங்க. வழக்கம், நாம ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஆடி முடிஞ்சு ஆவணியும் பாதி ஓடிப்போச்சு, ஆளைக் காணோம். போன் பண்ணா அவங்கம்மா எடுத்து, "மேகலா குளிக்கிறா மாப்ளே"ங்கறாங்க. காலையில பண்ணாலும் குளிக்கிறா, சாயங்காலம் பண்ணாலும் குளிக்கிறா. காவேரித் தண்ணி மொத்தமும் அறந்தாங்கிக்குத்தான் போகுது போல.

தப்பு என் மேல இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். என்னைக் கேட்டா இது முழுக்க முழுக்க ஒரு சாஃப்ட்வேர் பிரச்சினை.

சிரிக்காதீங்க. நீங்க என்ன, பேங்க்கா? வாத்தியாரா? எதுவா இருந்தாலும் புரியற மாதிரி சொல்றேன், கேளுங்க.

நான் புரோகிராமர். பேரு சத்தியசீலன். திருச்சியில ஒரு பிரியாணிக் கடை மாடியில எங்க ஆபீஸ். 'மாலைமாற்று'ன்னு ஒரு வெப்சைட், ஜாதகப் பொருத்தம் பார்க்கிறது. பொண்ணு பிறந்த நேரம், பையன் பிறந்த நேரம், ஊரு எல்லாம் போட்டுப் பணம் கட்டினா, பத்துப் பொருத்தத்துல எத்தனை இருக்குன்னு கத்தையா ஒரு ரிப்போர்ட் வரும். எங்க முதலாளி உலகநாதன் முன்னாடி கல்யாணப் பத்திரிகை அடிச்சுட்டு இருந்தவர். கல்யாணம் முடிவான பிறகு காசு பார்க்கிறதை விட முடிவாகறதுக்கு முன்னாடியே பார்த்துட்டா நல்லதுன்னு அவருக்கு ஒருநாள் ஞானம் வந்துச்சு. கல்யாணம் நடக்கலன்னாலும் நமக்கு நஷ்டம் இல்ல, அடுத்த வரனுக்குத் திரும்பவும் வருவான். நல்ல மனுஷன். கடவுளை நம்பறவர். ஜாதகத்தை மட்டும் நம்ப மாட்டார்.

கணக்குப் போடற புரோகிராம் நான் எழுதினது இல்ல. அது ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எழுதிக் குடுத்தது. மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். உள்ள எப்படி எழுதியிருக்கார்ங்கற விவரமும் அவர் கூடவே போயிடுச்சு. ஓட்டலாம், ஆனா திறந்து ஒரு எழுத்து மாத்த முடியாது. நட்சத்திரம், ராசி, தோஷம் எல்லாத்தையும் கணக்குப் போட்டு 'பலன்'னு ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும். யாருக்குப் போட்டாலும் அதே ஃபைல். பழசை அழிச்சுட்டுப் புதுசை எழுதும். அந்தக் காலத்துல ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் உட்கார்ந்து பார்ப்பான், அதனால பிரச்சினை இல்ல.

நான் எழுதினது அதுக்கு மேல இருக்கற சர்வர். சர்வர்னா ஓட்டல் சர்வரையே நினைச்சுக்குங்க. மட்டமான சர்வர் என்ன பண்ணுவான்? ஒரு டேபிள்ல தோசை ஆர்டர் வாங்கிட்டு, அது வேகற வரைக்கும் கல்லுகிட்டயே நிப்பான். கெட்டிக்காரன் உள்ள குரல் குடுத்துட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டே இருப்பான். என் சர்வர் கெட்டிக்காரன். ஒரே ஆள், எங்கயும் நிக்க மாட்டான். ஜாதகம் வந்துச்சா, வாத்தியாரோட புரோகிராமை ஒரு பிள்ளையாப் பெத்து விடுவான். பிள்ளைன்னுதான் சார் சொல்லுவோம், சைல்ட் ப்ராசஸ். பெத்து விட்டுட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிடுவான். பிள்ளை தனியா உட்கார்ந்து கணக்கைப் போடும், ஃபைல்ல எழுதும், 'முடிஞ்சுது'ன்னு அப்பனுக்கு ஒரு தகவல் சொல்லிட்டு சாகும். சாகறதுன்னா சாகறதுதான். எங்க பாஷை அப்படி. அந்தம்மா திரும்பிப் பார்க்குது பாருங்க, கொஞ்சம் மெதுவாப் பேசறேன்.

இதுல அந்த 'முடிஞ்சுது'ங்கற தகவலை வாங்கறதுக்குத் தனியா கொஞ்சம் எழுதணும். முடிச்சிச்சா, நடுவுல விழுந்துச்சா, பதிலே சொல்லாம உட்கார்ந்திருக்கா, எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணணும். யாருக்கு சார் நேரம் இருக்கு? நான் ஓட்டிப் பார்த்தேன். வாத்தியார் கணக்கு கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடுது. சரின்னு ஒரே வரியா எழுதிட்டேன்: பிள்ளையைப் பெத்து விட்டு ரெண்டு செகண்ட் கழிச்சுப் போ, பலன் ஃபைல்ல இருக்கறதை எடு, முதல் பக்கத்துல கஸ்டமர் பேரைப் போடு, அனுப்பு. ரெண்டு செகண்ட் போதும். முதலாளிகிட்ட காட்டினேன். "மின்னல் மாதிரி இருக்கு தம்பி"ன்னார். சம்பளம் ஏத்தல, ஆனா கீழ இருந்து பிரியாணி வாங்கிக் குடுத்தார்.

கார்த்திகை, மார்கழி எல்லாம் அமோகமா ஓடிச்சு. மார்கழியில எவன் பொருத்தம் பார்க்கிறான்? தை பிறந்துச்சு பாருங்க, ஊர்ல இருக்கற அத்தனை அப்பா அம்மாவும் ஒரே நேரத்துல வந்து விழுந்தாங்க.

எங்க ஆபீஸ்ல ரஹ்மத் நிஷான்னு ஒரு டெஸ்டர். நான் எழுதினதுல குத்தம் கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவங்க. ஜாதகக் கம்பெனியில அவங்களுக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. முதலாளியும் இன்டர்வியூல அதைத்தான் கேட்டார். "நம்பிக்கை இருக்கறவங்க தப்பைப் பார்த்தா விதின்னு விட்டுடுவாங்க சார், நான் விட மாட்டேன்"னாங்க. அங்கயே வேலை குடுத்துட்டார். எனக்கு அன்னைக்குப் பிடிச்சது சனி.

தை கடைசியில என் டேபிளுக்கு வந்து நின்னாங்க.

"சத்தியசீலன், உங்க ராகு கேது யாரு என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரே பொண்ணு, ஒரே பையன். காலையில போட்டா ஆறு வருது. கூட்டமா இருக்கற நேரத்துல போட்டா மூணு வருது."

"கிரகம் நகரும்ல மேடம்"னேன்.

"பிறந்தப்ப இருந்த கிரகம் இன்னைக்கு மத்தியானம் எப்படிங்க நகரும்?"

கேள்வியைப் பாருங்க. நம்பாத ஆளு கேக்கற கேள்வியா இது? "அப்புறம் பார்க்கலாம்"னுட்டேன். நான் போட்டுப் பார்த்தப்ப சரியாத்தான் வந்துச்சு. நான் காலையில போட்டேன். கூட்டம் இல்லாதப்ப போட்டாத்தானே நிம்மதியாப் பார்க்க முடியும்?

மாசியில எங்கம்மா எனக்குப் பொண்ணு பார்த்தாங்க. மேகலா. அறந்தாங்கியில ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை. டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் பண்றது. பொண்ணு பார்த்துட்டு வந்து நம்ம சைட்லயே போட்டேன், நமக்கு இலவசம். பத்துக்கு ஒன்பது. அவங்க வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பினேன், எங்கம்மா தெருவெல்லாம் சொன்னாங்க. வைகாசியில கல்யாணம்.

கல்யாணத்தன்னைக்கு நடந்ததைக் கேளுங்க. நான் பட்டு வேட்டி கட்டிட்டு மணமகன் அறையில உட்கார்ந்திருக்கேன். உலகநாதன் ஓடி வர்றார். மொய்க் கவர் எடுத்துட்டு வர்றார்னு பார்த்தா, கையில லேப்டாப்.

"தம்பி, சைட் படுத்துடுச்சு. இன்னைக்குப் பெரிய முகூர்த்தம். கல்யாண மண்டபத்துல உட்கார்ந்தே அவனவன் அடுத்த பிள்ளைக்குப் பொருத்தம் பார்க்கிறான். தாலி கட்ட இன்னும் நேரம் இருக்குல்ல?"

வாழை இலைக் கட்டு மேல லேப்டாப்பை வச்சுத் திறந்தேன். பார்த்தா மெஷின் பூரா பிணம். விஷயம் என்னன்னா சார், பிள்ளை வேலையை முடிச்சுட்டு 'முடிஞ்சுது'ன்னு சொல்லுதுல்ல, அப்பன் திரும்பிப் பார்த்து அதை வாங்கிக்கணும். வாங்கிக்கற வரைக்கும் பிள்ளை செத்தும் போகாது. வேலை செய்யாது, சோறு தின்னாது, ஆனா பேரு மட்டும் பட்டியல்ல இருக்கும். ஜாம்பின்னு பேரு. நான் வச்ச பேரு இல்ல, உலகம் பூரா அப்படித்தான். என் சர்வர் கெட்டிக்காரன்தானே, எந்தப் பிள்ளையையும் திரும்பிப் பார்க்கல. அப்படியே ஆயிரக்கணக்குல சேர்ந்து, இனிமே புதுசா ஒரு பிள்ளை கூடப் பெக்க முடியாதுன்னு மெஷின் கையை விரிச்சுடுச்சு.

கதவுகிட்ட கொலுசுச் சத்தம். மேகலா. முழு அலங்காரத்துல எட்டிப் பார்க்கிறா. "என்னாச்சுங்க?"

"பிள்ளைங்க எல்லாம் செத்தும் போக மாட்டேங்குது. மொத்தமா அப்பனையே கொன்னுட்டா சரியாயிடும்"னேன், ஸ்கிரீன்ல இருந்து கண்ணை எடுக்காம.

ஐயர் வந்து நின்னிருக்கார். அவர் முகம் போன போக்கு! அப்பனைக் கொன்னுட்டுத் திரும்ப ஓட்டி விட்டேன், சைட் எழுந்துச்சு, போய்த் தாலி கட்டினேன். உலகநாதன் அட்சதை போட்டப்ப கண்ணுல தண்ணி. எனக்காக இல்ல, சைட்டுக்காக.

இதெல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனியிலதான் வினோதினி வந்தாங்க.

அப்பாவும் பொண்ணும். பொண்ணு வேற சாதிப் பையனை விரும்பியிருக்கு. அப்பா நாலு மாசம் பேசாம இருந்து, கடைசியில இறங்கி வந்து, "ஜாதகம் பொருந்தினா பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார். நம்ம சைட்ல போட்டிருக்காங்க. அஞ்சு. போதாக்குறைக்குத் தாலி பாக்கியமே இடிக்குதுன்னு ஒரு பக்கத்துக்கு வாத்தியார் எழுதி வச்சிருக்கார். முடிஞ்சுது கதை. அப்பா வேற இடத்துல மாப்பிள்ளை பார்த்து, வெத்தலைத் தட்டு மாத்தற நாளும் குறிச்சாச்சு. அந்தப் பொண்ணு சாப்பிடாமப் படுத்துக் கிடந்து, ஒருநாள் அந்த ரிப்போர்ட்டை எடுத்து முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கு. நம்ம ஜனங்க யாரு சார் முழுசாப் படிக்கிறாங்க? எத்தனைக்கு எத்தனைன்னு பார்த்துட்டு மூடிடுவாங்க.

ரிப்போர்ட்டை முதலாளி டேபிள்ல விரிச்சு வச்சுது.

"முதல் பக்கத்துல என் பேரு இருக்கு. மூணாவது பக்கத்துல பொண்ணு விசாகம்னு இருக்கு. நான் ரேவதி. அவரும் இதுல இருக்கற நட்சத்திரம் இல்ல. இது யாரோட ஜாதகம் சார்? யாரோ ரெண்டு பேருக்குப் பொருத்தம் இல்லன்னு எங்க கல்யாணத்தை நிறுத்தியிருக்கீங்க."

குரல் நடுங்கலை சார் அந்தப் பொண்ணுக்கு. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. அப்பா பக்கத்துல கல்லு மாதிரி நிக்கிறார். உலகநாதன் என்னைப் பார்க்கிறார். நான் நிஷாவைப் பார்க்கிறேன். நிஷா என்னைப் பார்க்கல, ரிப்போர்ட்டைப் பார்க்கிறாங்க. அப்புறம் மெதுவா, "கூட்டம் அதிகமா இருந்தா பிள்ளை கணக்கு முடிக்க ரெண்டு செகண்டுக்கு மேல ஆகுமா சத்தியசீலன்?"னாங்க.

ஆகும்தான். ஆனா அதை எல்லார் முன்னாடியுமா கேக்கறது?

புரியுதா உங்களுக்கு? பிள்ளை இன்னும் எழுதி முடிக்கல. என் சர்வர் ரெண்டு செகண்ட் ஆனதும் போய் ஃபைலை எடுத்துட்டான். அதுல இருந்தது முன்னாடி போட்ட யாரோட பலனோ. அதுக்கு மேல இந்தப் பொண்ணு பேரைப் போட்டு அனுப்பிட்டான். சர்வரைச் சொல்லிக் குத்தம் இல்ல, பிள்ளை சீக்கிரம் முடிச்சிருக்கணும்.

உலகநாதன் சமாளிக்கப் பார்த்தார். "அம்மா, மனசுல வச்சுக்காதீங்க. உங்க அடுத்த கல்யாணத்துக்குப் பிரீமியம் ரிப்போர்ட் முழுக்க இலவசம்." அப்பதான் அந்த அப்பா வாயைத் திறந்தார். என்ன சொன்னார்ங்கறதை பஸ்ல சொல்ல முடியாது.

சரின்னு அவங்க எதிர்லயே, வேற யாரும் உள்ள வராம சைட்டை நிறுத்திட்டு, சரியாப் போட்டுப் பார்த்தோம். எல்லாரும் ஸ்கிரீனையே பார்க்கிறோம். எட்டு வரும், ஒன்பது வரும், கதை சுபமா முடியும்னு நான் நினைக்கிறேன். நாலு வந்துச்சு சார். தப்பா வந்ததை விட ஒண்ணு கம்மி.

அந்தப் பொண்ணு உட்கார்ந்துடுச்சு. கீழ பிரியாணி தம் உடைக்கிற வாசனை வருது, எனக்குப் பசி, வெளிய காட்டிக்க முடியல. அந்த அப்பா ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சட்டைப் பையில இருந்த பேனாவைப் பார்த்தார். "இந்த ஆளு போட்ட கணக்கை நம்பியா நான் உன்னை அழ வச்சேன்"னு மகள்கிட்ட சொன்னார். "எழுந்திரும்மா. அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு." எழுந்து போயிட்டாங்க. ஆவணியிலயே கல்யாணம். போன வாரம் பத்திரிகை வந்துச்சு, நிஷா பேருக்கு. என் சாஃப்ட்வேராலதான் அந்தக் கல்யாணமே நடக்குது, என்னைக் கூப்பிடல.

அன்னைக்கே நான் சரி பண்ணிட்டேன். ரெண்டு செகண்டைப் பத்து செகண்டா மாத்தினேன்.

நிஷா தலையில கை வச்சுட்டாங்க. "பத்தை நூறாக்கினாலும் அதே தப்புதாங்க. நேரத்தை வச்சு ஊகிக்காதீங்க. பிள்ளை முடிஞ்சுதுன்னு சொன்னதும் போய் எடுங்க."

"என் சர்வர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். அதுதான் அவன் சிறப்பே"ன்னேன்.

"காத்திருக்க வேணாம்னா, சும்மா கையைக் கட்டி நிக்க வேணாம்னு அர்த்தம். நீங்க வேற வேலையைப் பாருங்க. ஆனா அது பதில் சொல்றப்ப காதுல வாங்கணும்ல?"

சொல்றது சுலபம். எழுதறது யாரு? நான்தானே உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தனி ஃபோல்டர், ஒருத்தன் பலனை இன்னொருத்தன் அழிக்க முடியாத மாதிரி. முடிஞ்சுதுன்னு தகவல் வந்தாத்தான் ஃபைலைத் தொடணும். நல்லபடியா முடிச்சுதா, நடுவுல செத்துச்சான்னும் பார்க்கணும். ரொம்ப நேரம் பதிலே இல்லன்னா முதல்ல மரியாதையா 'போதும், நிறுத்து'ன்னு சொல்லணும், கேக்கலன்னாத்தான் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும். ஒரே நேரத்துல இத்தனை பிள்ளைக்கு மேல பெக்கக் கூடாதுன்னு ஒரு வரம்பு. ஜாம்பி ஒண்ணு கூட இல்ல இப்ப. நிஷா கூட நல்லா இருக்குன்னாங்க. "இதையே ஐப்பசியில எழுதியிருக்கலாம்"னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாங்க, அது அவங்க குணம்.

அதோட விட்டாங்களா? பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் திரும்ப ஓட்டி, எது எது தப்புன்னு எடுத்துட்டாங்க. இன்னும் கல்யாணம் ஆகாதவங்களுக்கெல்லாம் போன் பண்ணி உண்மையைச் சொல்லணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. உலகநாதன், "ஆனவங்களுக்கு?"ன்னார். நிஷா யோசிச்சாங்க. "கேக்கறவங்களுக்குச் சொல்லலாம்"னாங்க. ஒரு வாரம் நானும் அவங்களும் மாத்தி மாத்திப் போன் பண்ணோம். பாதிப் பேரு திட்டினாங்க. ஒரு அம்மா மட்டும், "நல்லதாப் போச்சு தம்பி, எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவே இல்ல"ன்னாங்க.

அந்தப் பட்டியல்ல என் பேரும் இருந்துச்சு. நானும் மேகலாவும்.

நிஷா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "உங்களோடதும் இருக்கு. பார்க்கணுமா, வேணாமா?"ன்னாங்க. பார்க்காம எப்படி? நமக்கு வந்த ஒன்பது வேற யாரோடதோ. உண்மையில நமக்கு ஏழு. ரெண்டுதான் வித்தியாசம், பெரிய பிழை இல்ல, பாஸ் மார்க்கும் தாண்டியாச்சு. சந்தோஷமா வீட்டுக்குப் போய் மேகலாகிட்ட சொன்னேன். காலையில இருந்து ஒரே டென்ஷன், ஒரு நல்ல சேதி சொல்லலாமேன்னு.

அவ சிரிச்சா சார். "நம்ம ரிப்போர்ட் தப்புன்னு எனக்கு அப்பவே தெரியுமே"ன்னா.

"எப்படி?"

"நான் அனுஷம். அதுல சித்திரைன்னு இருந்துச்சு. நாள் பூரா ரிப்போர்ட் டைப் பண்றவ, படிக்காம இருப்பேனா? நிச்சயத்துக்கு முன்னாடியே போன்ல சொன்னேனே. நீங்க 'சரி சரி, அப்புறம் பேசலாம்'னு வச்சுட்டீங்க."

எனக்கு அப்படி ஒரு போன் வந்த ஞாபகமே இல்ல. அவ தலையைக் குனிஞ்சுட்டு, சேலை நுனியைத் திருகிட்டே சொல்றா: "எனக்காகத்தான் மாத்திப் போட்டீங்கன்னு நினைச்சேன். நம்ம ஜாதகம் சேரல போல, சாஃப்ட்வேர் எழுதறவரே நம்மளைக் கட்டிக்கணும்னு ஒரு பொய் சொல்லியிருக்கார்னு. யார்கிட்டயும் சொல்லல. எங்கப்பாகிட்ட கூட. எப்பவாவது நினைச்சுப் பார்த்து நானாச் சிரிச்சுக்குவேன்."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு சார். பேரே சத்தியசீலன். நான் போய் கஸ்டமர் டேட்டாவுல கை வைப்பேனா? தொழில் தர்மம்னு ஒண்ணு இல்லையா? "சேச்சே, நான் எதையும் தொடவே இல்ல. அது சும்மா முன்னாடி யாரோ போட்டது ஃபைல்ல கிடந்துச்சு, அதை எடுத்து ஒட்டிடுச்சு, அவ்வளவுதான்"னு பேப்பர் எடுத்து வரைஞ்சே காட்டினேன். அப்பன் இங்க, பிள்ளை இங்க, ஃபைல் இங்கன்னு.

ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்தா. அப்புறம் கேட்டா, "அப்ப அந்த இடத்துல யாரு பேரு இருந்திருந்தாலும் இதேதான் வந்திருக்குமா?"

"டெக்னிக்கலா, ஆமா"ன்னேன்.

எழுந்து உள்ள போயிட்டா. மறுவாரம் ஆடி பிறந்துச்சு, அவங்கப்பா வந்து அழைச்சுட்டுப் போனார். நான் உண்மையைத்தானே சார் சொன்னேன்? உலகத்துல புருஷன் பொய் சொன்னான்னு பொண்டாட்டி கோவிச்சுக்குவா. என் வீட்டுல பொய் சொல்லலைன்னு கோவம். அதான் இன்னைக்குக் கிளம்பிட்டேன். சரியான ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துப் பையில வச்சிருக்கேன். ஏழு பொருத்தம் என்னென்னன்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவா.

என்ன சார் தலையை ஆட்டறீங்க?

இல்ல, கேளுங்க. கேளுங்க.

நிஷா தையிலயே சொல்லிட்டாங்களே, திரும்பப் போட்டா வேற பதில் வருதுன்னு, அதானே கேக்கறீங்க? ஆமா, சொன்னாங்க. அது தெரிஞ்சிருந்தும் மாசியில என் ஜாதகத்தை ஏன் ஒரே ஒரு தடவை போட்டேன்னா கேக்கறீங்க?

அது... அதுல என்ன சார் இருக்கு? ஒன்பது வந்துச்சு. எங்கம்மா கூடச் சொன்னாங்க, "செவ்வாய்க்கிழமை போட்டிருக்கடா, நல்ல நாளாப் பார்த்து இன்னொரு தடவை போடு"ன்னு. போடலாம்னுதான் திறந்தேன். ரெண்டு பேர் விவரமும் அடிச்சாச்சு. பட்டன் மேல விரல் இருக்கு. அமுக்கல.

ஏன்னா என்ன சொல்றது? பொண்ணு பார்க்கப் போனப்ப எங்களைத் தனியாப் பேச விட்டாங்க. அவ கேட்டா, "உங்க சைட்ல எத்தனை பேருக்குப் பொருத்தம் இல்லன்னு வரும்?" பாதிப் பேருக்கு வரும்னேன். "அப்ப ஊர்ல பாதிப் பேரு கதையில நீங்கதான் வில்லன்"னா. முகத்துல சிரிப்பே இல்லாமச் சொன்னா. நான் அறந்தாங்கியில இருந்து திருச்சி வரைக்கும் இதே பஸ்ல தனியாச் சிரிச்சுட்டே வந்தேன், எங்கம்மா தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. அப்புறம் எப்படி சார் அமுக்கறது? மூணு வந்திருந்தா? எங்கம்மா ஒத்துக்கவே மாட்டாங்க. கை போகல. மூடி வச்சுட்டேன்.

இதைச் சொன்னீங்களாவா? யார்கிட்ட, மேகலாகிட்டயா? இதை எதுக்கு சார் சொல்லணும்? இதுல டெக்னிக்கலா ஒண்ணுமே இல்லையே.

என்ன சார்... நீங்க என்ன சொல்ல வர்றீங்க? நானே வேணும்னுதான்...

கொஞ்சம் இருங்க.

இருங்க சார், போன் போடறேன். எப்படியும் அவங்கம்மாதான் எடுப்பாங்க, குளிக்கிறான்னு...

ஹலோ, அத்தை... மேகலா? நீயா? குளிக்கலையா? இல்ல, இல்ல, வச்சுடாத. பஸ்ல வந்துட்டு இருக்கேன், கீரனூர் தாண்டியாச்சு. அந்த ரிப்போர்ட் விஷயமாத்தான். இல்ல, சர்வரைப் பத்தி இல்ல. அதாவது சர்வர்ல என்ன ஆச்சுன்னா... சரி சார், சரி. இல்லம்மா, பக்கத்து சீட்டு சார், கையைக் கிள்ளறார். கேளு. அன்னைக்கு எங்கம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாங்க. திரும்பப் போட்டா மாறும்னு எனக்குத் தெரியும். நிஷா சொல்லியிருந்தாங்க. நான் போடல. பயமா இருந்துச்சு. நீ... உனக்குக் கம்மியா வந்துடுமோன்னு. வேற யாரு பேரா இருந்திருந்தாலும் போட்டிருப்பேன். பத்துத் தடவை போட்டிருப்பேன். அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான்.

மேகலா?

சார், ஒண்ணும் பேச மாட்டேங்கறா. ஆனா வைக்கல. லைன்லதான் இருக்கா, மூச்சு விடற சத்தம் கேக்குது. இல்ல, நான் எதுவும் கேக்கப் போறது இல்ல. அவளாச் சொல்லட்டும். நீங்க மட்டும் கொஞ்சம் எழுந்து, டிரைவர்கிட்ட அந்தப் பாட்டைக் குறைக்கச் சொல்லுங்க சார்.